ஆடு மேய்ந்த குன்றில் ஒரு கோட்டை

திருவண்ணாமலையில் சென்னைப் பேருந்து ஏறியவர்கள், கீழ்பென்னாத்தூர் தாண்டிச் செஞ்சி நெருங்கியதும் சன்னல் பக்கம் திரும்புவார்கள். பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் குன்றுகள். அவற்றின் முதுகில் ஏறி இறங்கும் மதில். "இந்தக் கோட்டையை யாரு கட்டினது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தேசிங்கு ராஜா."

தேசிங்கு இங்கே ஆண்டது சில மாதங்கள்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, 1714இல் களத்தில் விழுந்த இளைஞர் அவர். அவருக்கு ஏறக்குறைய 500 ஆண்டு முன்பே கோட்டை பிறந்துவிட்டது. அதைப் பெற்றெடுத்தவர் ஓர் ஆட்டிடையர் என்கிறது இந்த மண்ணின் வழக்கு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' அந்த வழக்கைப் பதிவு செய்திருக்கிறது. ஆனந்தக் கோன் என்ற இடையர் கமலகிரியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது, குன்றின் பொந்து ஒன்றில் புதையல் கிடைத்ததாம். அதைக் கொண்டு தம் இனத்தாரைத் திரட்டினார். தேவனூர், ஜெயங்கொண்டான், மேலச்சேரி ஊர்களின் சிறு தலைவர்களை வென்றார். கமலகிரியில் கோட்டை எழுப்பி, ஆனந்தகிரி என்று தம் பெயரையே வைத்தார். அதுவே இன்றைய ராஜகிரி. அவர் காலம் 1190 முதல் 1240 வரை என்பார்கள். அடுத்து வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றை அரண் செய்தார். அது கிருஷ்ணகிரி ஆனது.

புதையல் கதையை அவரவர் விருப்பப்படி நம்பலாம். ஆனால் இடத்தைத் தேர்ந்த கண் மேய்ப்பனின் கண் என்பதை, மலை ஏறினால் கால்களே சொல்லும். சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சியை ஓர் ஆழமான பிளவு மற்றப் பாறையிலிருந்து பிரிக்கிறது. ஒரு பாலத்தைக் கடந்தால்தான் உள்ளே போக முடியும். பாலத்தை எடுத்துவிட்டால் படையும் தவித்து நிற்கும். மலைமேலே சுனை இருக்கிறது. கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தச் சந்தில் ஒற்றை ஆடு மட்டும் நுழையும் என்பதெல்லாம் நாள் முழுக்க மந்தையோடு அலைந்தவருக்குத்தான் தெரியும். இரவில் மந்தையைப் பட்டியில் அடைத்து முள்ளால் வாசலை மூடுபவருக்குக் கோட்டையின் இலக்கணத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மந்தை வளர்ப்பவர்கள் அரண் எழுப்புவது செஞ்சிக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தின் பச்சை வயல்களில் வட்டமான பழைய மண்கோட்டைகள் 40,000க்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மாடு வளர்த்த குடும்பங்கள் வாழ்ந்த இடங்கள்.

செஞ்சியில் இடையர் போட்ட விதை மேலும் மேலும் வளர்ந்தது. விஜயநகரப் பேரரசின் கீழ் வந்த நாயக்கர்கள் கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் வேங்கடரமணர் கோயிலையும் தந்தார்கள். 1649இல் பீஜப்பூர் படை பிடித்தது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அந்த வலுவைச் சோதித்தவர்கள் முகலாயர்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, சுல்பிகார் கானின் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் கோட்டையை அடைந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் வந்தார்கள். வேங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே.

2025 ஜூலையில், மராட்டியரின் 12 கோட்டைகளைக் கொண்ட தொகுதியில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தொகுதியில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். பெருமைதான். அந்தப் பெருமையில் ஆனந்தக் கோனின் பெயர் மறைந்துவிடக் கூடாது.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாமலையாரைக் கும்பிட்டுத் திரும்பும் வழியில் செஞ்சியில் இறங்குங்கள்; சுமார் 40 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுமுன் ராஜகிரி ஏறுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். உச்சியில் நின்று பிள்ளை "யாரு கட்டினது?" என்று கேட்டால், ராஜாக்களின் பெயருக்கு முன்னால் அந்த இடையரின் பெயரைச் சொல்லுங்கள்.