இமயமலை இயர்விக்: பெயர் ஆணுக்கு, காவல் பெண்ணுக்கு

போன மே மாசம் இமாச்சல்ல ட்ரெக் போயிருந்தோம். டென்ட் போட ஒரு கல்லைப் புரட்டினேன். கீழே செம்பழுப்பா ஒரு பூச்சி, வால்ல குட்டி இடுக்கி. பக்கத்துல வெள்ளையா ஒரு குவியல் முட்டை. நாலு பேர் குனிஞ்சு பார்த்தும் அது ஓடல.

அதுதான் இயர்விக். தூங்குறவங்க காதுக்குள்ள புகுந்துடும்னு ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை; அதிலிருந்து வந்த பெயர். உண்மையில் அதுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது.

போட்டோவை ஆப்ல போட்டேன். 'டெர்மாப்டெரா' வரிசைன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. எந்த இனம்னு சொல்லல. ஏன்னு தேடப்போய் நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போயிட்டேன்.

1910-ல் மால்கம் பர் என்ற ஆங்கிலேயர், 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' வரிசையில் இயர்விக்குகளுக்கென்றே ஒரு தொகுதி எழுதினார். இமயமலை இனம் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ஃபார்ஃபிகுலா ஷ்லாகின்ட்வைட்டி. படிச்சதும் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள்தான் ஞாபகம் வந்தாங்க. 1854-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வந்து, இமயமலையில் ஆய்வு செய்த மூணு ஜெர்மானியர்கள். அவர்களில் அடோல்ஃப் 1857-ல் காஷ்கரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

சரி, இனத்தை எப்படிப் பிரிச்சாங்க? பெரும்பாலும் ஆணின் இடுக்கியை வெச்சு. எவ்வளவு வளைவு, உள்பக்கம் பல் எங்கே, அடியில் எவ்வளவு அகலம். பெண்ணோட இடுக்கி நேரா, எளிமையா இருக்கும். பல இனங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

ஆண் இடுக்கியையும் முழுசா நம்ப முடியாது. 1892-ல் பேட்சனும் பிரிண்ட்லியும் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் கிடைத்த 583 ஆண் இயர்விக்குகளை அளந்தாங்க. எல்லாம் ஒரே இனம். ஆனா இடுக்கி நீளத்தில் குட்டை, நெட்டைன்னு ரெண்டு கூட்டமா பிரிஞ்சது. நீளத்தை மட்டும் பார்க்கிறவர் ஒரே இனத்தை ரெண்டுன்னு எழுதிடலாம் இல்லையா?

அதனால பர் போன்றவர்கள் மைக்ராஸ்கோப்பில் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட ஆரம்பிச்சாங்க. அதுவும் ஆணோடதுதான்! பிறகு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ஜி. கே. ஸ்ரீவஸ்தவா இந்தப் பட்டியலைப் புதுசா எழுதினார். முதல் பாகம் 1988-ல் வந்தது.

நான் பார்த்தது முட்டை காக்கிற அம்மா. இயர்விக் அம்மா முட்டைகளில் பூஞ்சை பிடிக்காம ஒவ்வொண்ணா நக்கிச் சுத்தம் பண்ணும். குஞ்சு பொரிச்ச பிறகும் கொஞ்ச நாள் கூடவே இருக்கும். இவ்வளவு வேலையும் பார்க்கிற அதுக்கு, பக்கத்தில் ஒரு ஆண் கிடைச்சாதான் பெயரே உறுதியாகுது. இப்போ டிஎன்ஏ ஒப்பீடு இருக்கிறதால இந்தக் குறை தீர வழி உண்டு. ஆனா அதுக்கும், சரியா பெயர் தெரிஞ்ச பூச்சியோட டிஎன்ஏ முதலில் பதிவாகியிருக்கணும்.

என் போட்டோவுக்கு இன்னும் இனப் பெயர் கிடைக்கல. கல்லை அப்படியே திருப்பி வெச்சுட்டு, டென்ட்டை நாலடி தள்ளிப் போட்டோம்.