கறுப்பைக் குறைச்சு ஓட்டு

போன தடவை தேய்மானம் கணக்கிடும் முறைகள் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்ததற்கு மன்னிக்கவும். இந்தத் தடவை கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை.

நான் மல்லாங்கிணறு. விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற பஸ்ஸில் ஏறினால் வருகிற ஊர். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், அத்தை மகள் கல்யாணத்துக்கு ஆல்பம் எடுத்த போட்டோகிராபர் அப்பாவிடம் வந்து, "மதுரையில ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸுக்குப் புதுமுகம் கேக்கிறாக, பாப்பாவை அனுப்புறீகளா?" என்றார். அம்மா கூடவே வந்து உட்கார்ந்திருக்க, அரை நாளில் பதினோரு சேலை மாற்றினேன். 1500 ரூபாயும் ஒரு சுடிதார் துணியும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், நானும் "மாடல்" ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் ஏழெட்டு வேலை வந்திருக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் போகலாம். ஃப்ரீலான்ஸ் என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது :-)

முதல் வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, மளிகைக் கடையில் கொடுத்த புது வருடக் காலண்டரில் நான் இருந்தேன். நோட்டீஸுக்கு என்று எடுத்த படம் காலண்டருக்கு எப்படிப் போனது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அதைவிட, என் நிறம் நாலு படி ஏறியிருந்தது. அப்பத்தா காலண்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாருத்தா இது, ஒன்னய மாதிரியும் இருக்கு, ஒன்னய மாதிரி இல்லாமயும் இருக்கு" என்றது.

ஊரில் என்னைப் பற்றிச் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "கருத்த புள்ளதான், ஆனா களையான முகம்." இந்த "ஆனா" எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் லைப்ரரியில் வணிகவியல் அல்லாத அலமாரிப் பக்கம் போனேன். அதன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கதை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகைச் சொல்ல வருகிற முக்கியமான சொல் "மாமை". மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். மாமரத்தில் புதிதாக விடுகிற தளிரைப் பாருங்கள், செம்பும் கருமையும் கலந்த பளபளப்பாக இருக்கும். "மாயோள்" என்று தலைவியை அழைப்பதும் உண்டு. திருமாலுக்கு "மாயோன்" என்ற பெயர் வந்த அதே வேர்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தது இதற்கு அடுத்த விஷயத்துக்கு: தலைவன் பிரிந்து போனால் தலைவிக்கு வருவது "பசலை". அதாவது நிறம் வெளுத்துப் போவது. பீர்க்கம்பூ மாதிரி வெளிறிவிட்டாள், மாமை போய்விட்டது, அழகு கெட்டுவிட்டது என்று தோழி புலம்புவாள். திருக்குறளில் இதற்கென்றே தனியாக ஓர் அதிகாரம், 119வது, "பசப்புறு பருவரல்". ஸ்கூலில் பொருட்பாலோடு நிறுத்திவிட்டதால் எனக்கு இது தெரியவே தெரியாது.

யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டிமார்களுக்கு வெளுப்பு என்பது நோய். இப்போது அதையே டியூபில் அடைத்து விற்கிறார்கள், வாங்குகிறோம்.

அவசரப்பட்டு "தமிழர்கள் கறுப்பை மட்டுமே கொண்டாடினார்கள்" என்று எழுதிவிட வேண்டாம். பொன்னிற மேனியைப் புகழ்வதும் நம் இலக்கியத்தில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் கருமையைச் சொல்லிவிட்டு "ஆனா" போடும் பழக்கம் அந்த மாமைப் பாட்டுகளில் இல்லை. அங்கே நிறம்தான் அழகு.

அடுத்து ஒரேயடியாக 19ஆம் நூற்றாண்டுக்குத் தாவுகிறேன். நடுவில் உள்ளதை எழுத எனக்கு அறிவு போதாது.

ரவி வர்மா, 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய முறையில் நம் புராணப் பெண்களை வரைந்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. 1894இல் பம்பாயில் லித்தோ அச்சகம் ஆரம்பித்தார். அதுவரை அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் அச்சாகிச் சாதாரண வீட்டுப் பூஜை அறைக்கு வந்தார்கள். (அச்சகம் கடனில் மாட்டி, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடமே விற்க வேண்டியதாயிற்று. நல்ல பொருள், நல்ல தேவை, ஆனாலும் நஷ்டம். எங்கள் துறைக்கு அருமையான கேஸ் ஸ்டடி.)

சரி, அந்த லட்சுமிக்கு முகம் கொடுத்தது யார்? அந்தக் காலத்தில் "கௌரவமான" வீட்டுப் பெண்கள் ஓவியருக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தவர்களில் பாட்டும் நடனமும் தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள் இருந்தார்கள். கோவாவைச் சேர்ந்த ராஜிபாய் மூல்காவ்கர் என்ற பெயர் அதில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை. ரவி வர்மாவுக்கு எத்தனை வாழ்க்கை வரலாறு! அந்த முகங்களுக்குக் கற்பூரம் காட்டிய வீடுகளில் எத்தனை பேர் அந்தப் பெண்களை வாசலுக்குள் விட்டிருப்பார்கள் என்பதும் சந்தேகம்தான்.

வெளிநாட்டிலும் நிலைமை ரொம்ப வித்தியாசம் இல்லை. லண்டனில் எலிசபெத் சிடால் என்ற பெண், தொப்பிக்கடையில் வேலை பார்த்தவர். ஜான் எவரெட் மில்லே "ஒஃபீலியா" வரைவதற்காக 1852 குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தார். கீழே வைத்திருந்த விளக்குகள் அணைந்துபோய் தண்ணீர் சில்லிட்டும் எழுந்திருக்காமல் கிடந்து காய்ச்சலில் விழுந்தார். அவர் அப்பா மருத்துவச் செலவு கேட்டு ஓவியருக்குக் கடிதம் போட்டாராம். அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இனி நம் பக்கம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை நம் மாவட்டத்தில் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு மேலட்டை வேண்டும், அதற்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் வருடம் முழுக்க அதற்குத் தீனி போட வேண்டும், அதற்குக் காலண்டர். ஒரு தொழில் இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது இப்படித்தான்.

அந்தக் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்தவர்களில் தலைமகன் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா வரையப் போனவர், கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் என்று சீடர்கள் வரிசை. உங்கள் வீட்டு பூஜை அறையில் பழைய படம் எதுவும் இருந்தால் கீழே மூலையில் கையெழுத்தைப் பாருங்கள், இவர்களில் ஒருவர் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

கொண்டையராஜு நாடகத்திலிருந்து வந்தவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தக் கால நாடகத்தில் பெண் வேடமும் பல சமயம் பையன்கள்தான். முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் வந்து நிற்பார்கள். அழகு என்பது முகத்தின் மேல் பூசுவது என்ற எண்ணம் படுதாவிலிருந்து காலண்டருக்கு வந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

காலண்டர் சாமிகளின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ராமர், கிருஷ்ணர் எல்லோரும் நீலம். கறுப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீலத்தைப் போட்டுத் தப்பித்துவிட்டோம். லட்சுமியும் சரஸ்வதியும் ரோஸ். தப்பித்தது மதுரை மீனாட்சி மட்டும்தான். அவள் மரகதம், பச்சை. பச்சையாகவே அச்சடிக்கிறார்கள். அவள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் ஜவுளிக்கடை போர்டுகளில் ஒரு மாநிறப் பெண்ணைத் தேடிப் பாருங்கள். நான் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். (என்னையே ஒரு போர்டில் பார்த்தேன், ரோஸ் நிறத்தில்.)

கேமராவும் நமக்குச் சாதகம் இல்லை. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் "டச்சிங்" செய்வார்கள். நெகட்டிவில் கறுப்பாக்கின இடம் பிரிண்டில் வெள்ளையாக வரும். ஒரு முகத்தை வெளுப்பாக்க அதன் நெகட்டிவில் கறுப்பைத்தான் பூச வேண்டியிருந்தது என்பது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கலர் வந்த பிறகு கோடாக் கம்பெனி, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் போஸ் கொடுத்த ஊழியரின் பெயரை வைத்து அதற்கு "ஷெர்லி" அட்டை என்றே பெயர். ஷெர்லி முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. மற்றவர்கள் இருட்டாக விழுந்தால் அது அவரவர் தலையெழுத்து. பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடாக்கிடம் புகார் சொல்லி மாற்றத்துக்கு வழி செய்தவர்களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் கம்பெனிகளும் உண்டு என்று படித்தேன். நாற்காலிக்கு இருந்த செல்வாக்கு மனுஷிக்கு இல்லை.

இங்கே 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வேலை கிடைக்காதவளுக்கு வேலை, மாப்பிள்ளை கிடைக்காதவளுக்கு மாப்பிள்ளை. சென்னையில் கவிதா இமானுவேல் ஆரம்பித்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தைத் தொடங்கியது, 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானார். 2014இல் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பானவர்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி போட்டது. 2020இல் கிரீம் தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. எங்கள் தெருக் கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அண்ணாச்சியும் எடுத்துக் கொடுக்கிறார்.

இப்போது என் காலண்டருக்கு வருகிறேன். மாமா சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். அவரிடம் காட்டி, "எப்படி மாமா இவ்வளவு வெள்ளையானேன்?" என்று கேட்டேன். "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே முடிச்சிருவாகம்மா. அப்புறம் மெஷின்ல ஏத்தும்போதும் பார்ட்டி பக்கத்துல நின்னு, கறுப்பைக் குறைச்சு ஓட்டு, கறுப்பைக் குறைச்சு ஓட்டும்பாக" என்றார். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையில்தான் எல்லாப் படமும். அதில் கறுப்பைக் குறைத்தால் முகம் வெளுக்கும், ஆனால் கண், மூக்கு, தலைமுடி எல்லாவற்றின் ஆழமும் போய்விடும். "படம் செத்துரும். பார்ட்டிக்கு அதான் புடிக்குது" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வணிகச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு: ஒருவர் பணம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் படம் அவருக்குச் சொந்தம். படத்தில் இருப்பவளுக்கு அதில் பங்கு இல்லை. மனசு விட்டுப்போனது. பிறகு ஒரு சீனியர் அக்கா 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜகோபால் வழக்கைக் காட்டினார். ஆட்டோ சங்கர் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமான வழக்கு. அந்தத் தீர்ப்பில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொல்லியிருக்கிறார்கள். தூக்குத்தண்டனைக் கைதியின் வழக்கு காலண்டர் பெண்ணுக்கு உதவும் என்று யார் நினைத்தார்கள்! இன்னொன்று, போஸ் கொடுத்தபோது எனக்கு வயது 17. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 மோகரி பீபி வழக்கு, முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்தது. அந்த ஐந்து மார்க் கேள்வி என்னைப் பற்றியது என்று அப்போது தெரியவில்லை.

வழக்கெல்லாம் போடவில்லை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார், எனக்கும் செமஸ்டர் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லா வேலைக்கும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்: எதற்கு எடுக்கிறார்கள், எத்தனை நாள் பயன்படுத்துவார்கள், எவ்வளவு பணம். நிறத்தை மாற்றக் கூடாது என்று நாலாவதாக ஒரு வரி சேர்த்ததும் இரண்டு பார்ட்டிகள் போய்விட்டார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய படம்தான் இந்த வருடம் மாமாவின் மெஷினில் ஏறியது. அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முன்னால் மாமா இரண்டு தாள் தனியாக ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று கறுப்பைக் குறைத்தது, இன்னொன்று இருந்தபடியே. அப்பத்தா இரண்டையும் கட்டிலில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இருந்தபடியே ஓட்டியதை எடுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "ஏன் அப்பத்தா, இதுல நான் நல்லாருக்கேனா?" என்றேன்.

"இதுலதாந்தா சேலைக் கரை எடுப்பாத் தெரியுது" என்றது.