கோலார் ஆழத்தில் தேடிய துகள்

நியூட்ரினோ எதனோடும் எளிதில் மோதாத துகள். அதைப் பிடிக்க விண்ணிலிருந்து பொழியும் மியூவான் போன்ற மற்ற துகள்களை முதலில் தடுத்தாக வேண்டும். அதற்குக் கோலார் தங்கவயல் பொருத்தமாக இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது. ஆய்வு நடந்த ஆழம் 2.3 கிலோமீட்டர், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை 32 முறை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலே அந்த அளவு வரும். அந்தப் பாறைக் குடையைத் தாண்டி மியூவான்கள் அரிதாகவே கீழிறங்கின.

டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக அறிஞர்கள் சேர்ந்து துகள் பட்டால் ஒளிரும் மினுக்கிச் சுவர்களை எதிரெதிரே நிறுத்தினர். பாறையில் நியூட்ரினோ மோதினால் மியூவான் பிறந்து பக்கவாட்டில் பாயும். அதன் வழியில் உள்ள நியான் குழாய்கள் வரிசையாக ஒளிரும். கேமரா அந்தத் தடத்தைப் படமெடுக்கும். 1965இல் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் கிடைத்தது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இயற்பியலாளர் ரைன்ஸின் குழுவும் அதைக் கண்டது. உலக இயற்பியலில் இந்தியா முன்வரிசையில் நின்ற பெருமைமிக்க தருணம் இது.

விந்தையான தடங்கள் சிலவும் படங்களில் இருந்தன. பாறைக்கு வெளியே, காற்றிடையே ஒரு புள்ளியிலிருந்து கிளைத்த கோடுகள் அவை. அறியப்படாத கனத்த துகள் ஒன்று சிதைந்திருக்கலாம் என்று 1975இல் ஆய்வாளர்கள் எழுதினர். செர்ன், ஃபெர்மிலாப் ஆய்வகங்களின் துகள் முடுக்கிகளில் தேடியும் அத்துகள் அகப்படவில்லை. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ‘கோலார் நிகழ்வுகள்’ எனப்படும் அந்தத் தடங்கள் இன்றும் விளக்கப்படாமலே நிற்கின்றன.