பதிலீடும் பாடபேதமும்: ஜாதவ்பூரின் தாகூர் பாடத்தொகுப்பை முன்வைத்துச் சுருங்குறித்தொடர் வரலாறு

முன்னுரை

ஒரு நூலின் பல படிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் துணிவது பதிப்பாசிரியரின் முதற்பணியாகும். ஏட்டில் புள்ளியிட்டும் இடாமலும், குறில் நெடில் வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்டவற்றைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வோரிடத்திலும் பொருளறிந்து மாற்றி அச்சேற்றினர். ஐயத்திற்கு இடமான இடங்களில் பிற பாடங்களை அடிக்குறிப்பில் காட்டினர். இன்று அம்மாற்றத்தைக் கணினியின் கட்டளை வரியில் ஒரே வரியாக எழுதி, பல்லாயிரம் இடங்களில் ஒரு நொடியில் நிகழ்த்த முடிகிறது. ஆயின் மாற்றப்படுவது தட்டச்சுப் பிழையா, மூலநூலின் பாடமா என்பதை அக்கட்டளை அறியாது. இவ்வேறுபாட்டைச் சுருங்குறித்தொடரின் வரலாற்றைக் கொண்டும், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உருவான தாகூர் பாடத்தொகுப்பைக் கொண்டும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருங்குறித்தொடரின் தோற்றம்

ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என வழங்குவது தமிழில் சுருங்குறித்தொடர் எனப்படுகின்றது. ஒரு குறிப்பிட்ட சொல்லை மட்டுமன்றி, ஓர் அமைப்பிற்கு உட்பட்ட எல்லாச் சொற்களையும் சில குறிகளால் சுட்டும் முறை இது. அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி நரம்பு வலைகளின் இயக்கத்தை ஆராய்ந்து 1951ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில் இதன் கணித அடிப்படையை வகுத்தார். அவ்வாய்வு 1956இல் நூற்பகுதியாக வெளிவந்தது. ஓர் உறுப்பு எத்தனை முறை வேண்டுமாயினும் அடுக்கி வரலாம் என்பதைக் குறிக்கும் உடுக்குறி அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

கணிதத்தில் பிறந்த இம்முறையை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன் ஆவார். சுருங்குறித்தொடரைக் கொண்டு உரையில் தேடும் வழிமுறையை அவர் 1968இல் வெளியிட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்திற்காக அவர் எழுதிய 'எட்' என்னும் வரித்தொகுப்பியிலும் இம்முறை இடம்பெற்றது. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய லீ மக்மகன், 'ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ்' எனப்படும் 85 அரசியல் கட்டுரைகளில் ஆசிரியர் எவர் என ஐயுறப்பட்டவற்றை நடையாராய்ச்சியால் துணிய முற்பட்டார். அவ்வுரை 'எட்' தாங்கும் அளவினும் பெரிதாக இருந்தது. ஆகவே அதன் தேடற்பகுதியைத் தாம்சன் தனியே பிரித்து அமைத்தார். அதுவே 1973இல் யூனிக்ஸில் இடம்பெற்ற 'கிரெப்' என்னும் கட்டளையாகும். அதனைத் தொடர்ந்து, தேடுவதோடு நில்லாமல் மாற்றவும் வல்ல 'செட்' என்னும் ஓடைத்தொகுப்பியை மக்மகன் உருவாக்கினார். இது 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பின் வழியே பரவலாயிற்று.

நூலாசிரியர் எவர் எனத் துணியும் முயற்சி இக்கருவிகளின் தோற்றத்திற்குத் தூண்டுகோலாக அமைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இவற்றைப் பாட ஆய்வுக்குப் பயன்படுத்துவது புறத்தேயிருந்து புகுத்தப்பட்ட புதுமை அன்று.

புணர்ச்சி விதியும் பதிலீட்டுக் கட்டளையும்

பதிலீட்டுக் கட்டளை இரு பகுதிகளை உடையது. தேட வேண்டிய அமைப்பு முதற்பகுதி. அதனிடத்தில் வர வேண்டியது இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதி முதற்பகுதியினும் மிகுந்து வரின் தோன்றல்; வேறுபட்டு வரின் திரிதல்; வெறுமையாக விடப்படின் கெடுதல். நன்னூலார் வகுத்த விகாரங்கள் மூன்றும் இதனுள் அடங்குதல் காண்க. 'மரம்' என்பதனோடு 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆவதை, 'ம்க' என்பதை 'ங்க' என்று மாற்றும் கட்டளையாக எழுதலாம். இலக்கணி நிலைமொழி, வருமொழி, வேற்றுமை, அல்வழி எனச் சூழலை வரையறுத்த பின்னரே விதி கூறுவார். கட்டளையோ எழுதியவர் சொன்ன சூழலை மட்டுமே அறியும்; சொல்லாது விட்டதை ஊகித்து அறியாது.

குறிகளிலும் கவனம் வேண்டும். சுருங்குறித்தொடரில் புள்ளி என்பது ஏதேனும் ஓர் எழுத்து எனப் பொருள்படும். ஆயின் கணினி எண்ணும் எழுத்து வேறு. தமிழிலக்கணம் எண்ணும் எழுத்து வேறு. யூனிகோடு முறையில் 'தமிழ்' என்னும் சொல் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், மெய்ப்புள்ளி என ஐந்து குறியிடங்களைக் கொண்டது. மூன்றெழுத்துச் சொற்களைத் தேட மூன்று புள்ளிகளை இட்டால் இச்சொல் முழுமையாகக் கிட்டாது. ககரத்தைத் தேடினால் 'கா', 'கி', 'க்' ஆகிய அனைத்தும் உடன் வந்து சேரும்.

ஜாதவ்பூரின் பங்களிப்பு

1906இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகத்தின் வழித்தோன்றலாக 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே கவிஞர் புத்ததேவ போஸ் அங்கு ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இப்பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய கணினி 1966இல் இயங்கத் தொடங்கியது. படிகளை ஒப்பிடும் இலக்கிய மரபும் கணினி மரபும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன எனலாம்.

2003இல் இப்பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுப் பனுவல்களுக்கும் ஆவணங்களுக்குமான புலம் அமைக்கப்பெற்றது. இரவீந்திரநாத தாகூரின் 150ஆம் பிறந்தநாள் விழாவையொட்டி, நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின் நிதியுதவியுடன் பேராசிரியர் சுகாந்த சௌதுரியின் தலைமையில் 'பிசித்ரா' என்னும் இணையவழிப் பாடத்தொகுப்பு இங்கு உருவாயிற்று. 2013இல் வெளியான இத்தொகுப்பில் வங்கமொழியிலும் ஆங்கிலத்திலும் தாகூர் எழுதியவற்றின் கையெழுத்துப்படிகளும் அச்சுப் பதிப்புகளும் ஏறத்தாழ 1,39,000 பக்கப் படிமங்களாக இடம்பெற்றன. இவற்றுள் கையெழுத்துப்படிகள் மட்டும் 47,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. சாந்திநிகேதனின் இரவீந்திர பவனம் இவற்றின் முதன்மையான இருப்பிடமாகும்.

இதன் ஒப்பீட்டு மென்பொருளுக்குப் 'பிரபேத்' எனப் பெயரிட்டனர். வங்கமொழியில் இச்சொல் வேறுபாடு எனப் பொருள்படும். தமிழ்ப் பதிப்புலகம் பயன்படுத்தும் 'பாடபேதம்', 'பிரதிபேதம்' என்பவற்றில் உள்ள 'பேதம்' இதுவேயாகும். ஒரு படைப்பின் பல பாடங்களை இயல் அல்லது காட்சி, பத்தி அல்லது செய்யுட்கண்ணி, தனிச்சொல் என்னும் மூன்று நிலைகளில் இம்மென்பொருள் ஒப்பிட்டுக் காட்டுகிறது. எல்லாப் படிகளையும் ஒரே பாடமாகச் சமன் செய்யாமல், அவற்றை அருகருகே வைத்து வேறுபாட்டைப் புலப்படுத்துவது இதன் நெறியாகும்.

வங்க எழுத்துமுறை தரும் சான்று

இந்நெறியின் இன்றியமையாமையை வங்க எழுத்துமுறை வரலாறு தெளிவாக்கும். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்ட விதிகள், ரகர மெய்யை அடுத்து வரும் மெய் இரட்டிக்க வேண்டுவதில்லை என வரையறுத்தன. 'தர்ம்ம', 'கர்ம்ம' என இருந்தவை 'தர்ம', 'கர்ம' என ஆயின. தாகூரும் அவ்விதிகளுக்கு இசைவு தெரிவித்தார். அவர் மறைந்தது 1941இல் ஆகும். எனவே அவருடைய நூல்களின் பதிப்புகளில் இரு வழக்குகளும் காணப்படுகின்றன.

பழைய வழக்கைப் புதியதாக மாற்ற ஒரு கட்டளை எழுதுதல் எளிது. ரகர மெய்யை அடுத்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டால் கணினி அதை நினைவில் கொள்ளும். அதே எழுத்து மீண்டும் வருவதை '\1' என்னும் குறியால் சுட்டலாம். இரட்டித்த மெய்கள் பலவற்றுக்கும் இவ்வொரு கட்டளை பொருந்தும். ஆயின் 'அரை' எனப் பொருள்படும் வங்கச் சொல்லில் மூச்சொலி இல்லாத தகரமும் மூச்சொலி உடைய தகரமும் இணைந்து இரட்டிப்பாயின. அவை இரு வேறு எழுத்துகள் ஆதலின், முற்கூறிய கட்டளை அவ்விடத்தை விட்டுவிடும். விளைவாகக் கிடைக்கும் உரை பழைய வழக்கும் அன்று. புதிய வழக்கும் அன்று. எந்தப் பதிப்பிலும் இல்லாத மூன்றாவது பாடம் ஒன்றைக் கணினி ஆக்கியதாக முடியும்.

கட்டளை குறைவற எழுதப்பட்டிருப்பினும் இழப்பு நேரும். எந்த ஆண்டில், எந்த நூலில் புதிய வழக்கு புகுந்தது என்னும் வினாவிற்கு அவ்வுரையிலிருந்து விடை காண இயலாது. வினா எழுவதற்குரிய தடமே அழிந்துவிடும்.

இதற்கு மாறானதொரு வேறுபாடும் உண்டு. வங்க எழுத்துகளுள் உயிரற்ற தகரத்தைக் காட்டும் 'கண்ட த' என்னும் வடிவிற்கு 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில்தான் தனிக்குறியிடம் கிடைத்தது. அதற்கு முன் தகரமும் மெய்க்குறியும் கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறியும் சேர்த்து அது எழுதப்பட்டது. அச்சில் வேறுபாடு இல்லை. கோப்பில் மட்டுமே உண்டு. இத்தகைய வேறுபாட்டைக் களையாவிடில், ஒப்பீட்டில் ஒரே சொல் இரு சொற்களாகத் தோன்றும். இங்குப் பதிலீடு தேவையாகிறது.

தமிழ் மின்பதிப்புகளுக்கு உணர்த்துவன

தமிழிலும் இவ்விரு வகை வேறுபாடுகளும் உள. 'கொ' என்னும் எழுத்தை ககரமும் ஒகரக்குறியும் எனவும், ககரமும் எகரக்குறியும் காலும் எனவும் இருவாறு கோப்பில் எழுதலாம். இவை இரண்டும் நிகரானவை என யூனிகோடு முறையே வரையறுத்துள்ளது. இவற்றை ஒன்றாக்குவதால் பாடம் கெடாது. ஒன்றாக்காவிடில் தேடலும் சொல்லடைவும் குறைபடும்.

'ஔ' என்னும் எழுத்திற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடும் வழக்கம் இதனினும் சிக்கலானது. அதைத் திருத்த 'ஒள' என்பதை எங்கும் 'ஔ' என மாற்றுமாறு கட்டளையிட்டால் 'ஔவை' சரியாகும், 'ஒளி' சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ வராத இடத்தில் மட்டும் மாற்றுமாறு சூழலை வரையறுத்தால் 'ஒளி' பிழைக்கும். அதன்பின்னும் கிடைத்த இடங்களைப் பட்டியலிட்டுப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

பதிப்புக்குறிகளை நீக்கும் கட்டளைகள் இன்னும் கேடு விளைக்கவல்லன. சிதைந்த இடங்களில் பதிப்பாசிரியர் தாமே சேர்த்த எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் காட்டுவது பதிப்புமரபு. 'செட்' தொகுப்பி ஓர் அமைப்பிற்குப் பொருந்தும் இடங்களுள் மிக நீண்டதையே எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. அடைப்புக்குள் உள்ளதனைத்தையும் நீக்குக எனப் புள்ளியும் உடுக்குறியும் இட்டு எழுதினால், ஒரே அடியில் இரு அடைப்புகள் வரின் முதல் அடைப்பின் தொடக்கம் முதல் இரண்டாம் அடைப்பின் இறுதி வரை நீங்கும். இடையில் நின்ற மூலச்சொற்களும் உடன் மறையும். மூடும் அடைப்பு அல்லாத எழுத்துகளை மட்டும் கொள்க என வரையறுத்தால் இக்கேட்டைத் தவிர்க்கலாம். ஆனால் அடைப்பு நீங்கிய பின் ஏட்டில் இருந்தது எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. முதலாவது, குறியேற்ற வேறுபாடு வேறு. எழுத்துவழக்கு வேறுபாடும் பாடபேதமும் வேறு. முன்னதைப் பதிலீட்டால் களையலாம். பின்னவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, மாற்றுமுன் தேடுதல் வேண்டும். 'கிரெப்' தரும் பட்டியலைப் படித்த பின்னரே 'செட்' கட்டளையை இடுதல் முறையாகும். மூன்றாவது, விளைவைப் புதிய கோப்பில் எழுதி, மூலக்கோப்பை மாறாமல் காத்தல் வேண்டும். நான்காவது, இட்ட கட்டளைகளை இட்ட வரிசையிலேயே உரையுடன் சேர்த்து வைத்தல் வேண்டும். வரிசை மாறின் விளைவும் மாறும்.

உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் தாம் கொள்ளாத பாடங்களையும் அச்சிட்டுக் காட்டியதனால்தான் பின்வந்தோர் அவர்தம் முடிபுகளை ஆராய முடிந்தது. கட்டளைக் கோப்பைப் பேணுவது அவ்வடிக்குறிப்பு மரபின் தொடர்ச்சியாகும். எவ்விடத்தில் எது மாற்றப்பட்டது என்னும் குறிப்பின்றி வெளியிடப்படும் மின்னுரை படிப்பதற்கு உதவலாம். பாட ஆய்விற்குச் சான்றாகாது.