மணலில் புதையாத இரும்பு: ஒரு கோல்ஃப் மட்டையும் நம்ம இறப்பர் தோட்டமும்



போன கிழமை தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், டிவியில கோல்ஃப் விளையாடுறவர் பந்தை அடிக்காம மணலை அடிக்கிறாரே, ஏன்?" வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் அன்று பதில் தெரியவில்லை. தேடிப் படித்தோம். அந்தக் கதை நம்ம தோட்டத்து லயம் வரைக்கும் வந்து நின்றது.

கோல்ஃப் திடலில் உள்ள மணல்குழிக்கு பங்கர் என்று பெயர். (நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் யுத்தம்தான் நினைவுக்கு வரும்!) அந்தக் காலத்தில் பந்து அதற்குள் விழுந்தால் பெரிய வீரர்களுக்கும் தலையிடிதான். மட்டையின் இரும்பு ஓரம் கூர்மையானது. மம்பட்டியைச் செங்குத்தாகப் போட்டால் மண்ணுக்குள் இறங்குவது போல மணலுக்குள் புதைந்துவிடும். இதற்காக முகம் குழிந்த மட்டை ஒன்று வந்தது. 1930 பிரித்தானிய ஓபன் போட்டியில் பொபி ஜோன்ஸ் அதைப் பாவித்தார். ஒரே அடியில் பந்தை இரண்டு தடவை தொடுகிறது என்று 1931இல் அதைத் தடை செய்தார்கள்.

சரியான வழியைக் கண்டவர் ஜீன் சரசன். 1902இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் இத்தாலியிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி. சரசன் சிறு வயதிலேயே பணக்காரர்களின் கோல்ஃப் பையைச் சுமந்து சம்பாதித்தவர். படிப்பும் பாதியில் நின்றது. பிறகு பெரிய வீரரானார், ஆனால் மணல்குழி மட்டும் அவரை விடவில்லை.

விமானம் மேலெழும்பும்போது வால் தாழ, மூக்கு உயர்வதைக் கண்டு அவருக்கு யோசனை வந்ததாம். மட்டையின் அடிப்பாகத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டி, பின் ஓரம் முன் ஓரத்தைவிடத் தாழ்ந்திருக்கும்படி அராவினார். இப்போது இரும்பு மணலில் புதையவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அதுதான் சேண்ட் வெட்ஜ்.

மாணவனுக்கான பதிலும் இதுதான். மட்டையின் முகத்தைக் கொஞ்சம் திறந்து பிடித்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் அடிக்க வேண்டும். வீச்சை இடையில் நிறுத்தக் கூடாது. இரும்பு பந்தைத் தொடுவதே இல்லை, மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது.

1932இல் இங்கிலாந்தின் சேண்ட்விச் ஊரில் நடந்த பிரித்தானிய ஓபனுக்கு அதைக் கொண்டுபோனார். அதிகாரிகள் கண்டால் தடுத்துவிடுவார்கள் என்று பையில் தலைகீழாக வைத்திருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். வெற்றி அவருக்கே.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் காலி முகத்திடலில் தொடங்கியது. நுவரெலியாவில் 1889இல். ஆடியவர்கள் துரைமார், பை சுமந்தவர்கள் நம்மவர்கள்.

1898இல் அமெரிக்கரான ஹஸ்கெல் இறப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். விளையாட்டே மாறியது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர் நாற்றுகள்தான் பின்னாளில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹலியகொடை மலைகளை மூடின. உலகச் சந்தைக்குப் போன பாலில் நம்ம ஆட்கள் வெட்டிய பாலும் இருந்தது.

சரசன் கிண்ணத்தைத் தூக்கிய அதே 1932இல் இறப்பர் விலை அதுவரை காணாத அளவு விழுந்து கிடந்தது. பல தோட்டங்களில் பால் வெட்டு நின்றது. அந்த நெருக்கடிக் காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கிண்ணம் வென்றவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கப்பல் ஏறியவர்கள் பெயர் எங்கே?

பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொன்னோம். ஒன்று, பை சுமந்த பையன்தான் அந்த மட்டையை மாற்றினான், அதனால் சுமக்கிற கைக்கும் யோசனை உண்டு. மற்றது, உங்கள் தாத்தா பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

துரைமார் கிளப்பில் வேலை செய்த, பை சுமந்த, பால் வெட்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களின் கதையைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.