ஆடிப்பெருக்கும் ஏழு நாள் பேக்கப்பும்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு லினக்ஸ் சர்வரோட டிஸ்க் மண்டையைப் போட்டுடுச்சு. "பதறாதீங்க, தினமும் ராத்திரி பேக்கப் ஓடுது"ன்னு தெனாவட்டா சொல்லிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். ஏழு நாளுக்கு ஏழு ஃபைல், பேரெல்லாம் கரெக்ட். ஒவ்வொண்ணும் 20 பைட்! உள்ள ஒண்ணுமே இல்லாத ஜிஜிப் ஃபைலோட சைஸ் அது.

நோண்டிப் பார்த்தா, யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க. டம்ப் தோத்துப்போச்சு. ஆனா பைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஜிஜிப், வெறுங்காத்தைச் சுருட்டி வச்சுட்டு 'சக்சஸ்'னு சொல்லிடுச்சு. கிரான் அனுப்பின எரர் மெயில் எல்லாம் ரூட்டோட மெயில்பாக்ஸ்ல தூங்குது. ஸ்கிரிப்ட்டோட அடுத்த வரி மட்டும் கடமை தவறாம, ஏழு நாளைக்கு முந்தின நல்ல பேக்கப்பையெல்லாம் அழிச்சுக்கிட்டே வந்திருக்கு. பழசை அழிக்கிற வேலை நடக்குது, புதுசு எடுக்கிற வேலை நடக்கலை.

இதைப் பார்த்ததும் எனக்கு எங்க தஞ்சாவூர்ப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், 1855-ல் பிறந்த உ.வே.சா. ஞாபகம்தான் வந்தது.

பனையோலையை எவ்வளவு பத்திரமா வச்சாலும் பூச்சியும் ஈரமும் விடாது. அதனால ஏடு நைஞ்சா புது ஓலையில பிரதி பண்ணுவாங்க. அப்புறம்தான் பழசை ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல விடறது, இல்லேன்னா நெருப்புக்குக் கொடுக்கறது. நம்ம கிரான் ஜாப் மாதிரியேதான். ஆனா உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனப்ப, பழைய ஏடுகளை நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு பதில் வந்தது. சாஸ்திரப்படிதான் செஞ்சாங்களாம்! பிரதி பண்ணணும்ங்கற முதல் பாதி மட்டும் மறந்துபோச்சுன்னு அவர் 'என் சரித்திரம்' நூல்ல வருத்தப்படறார். தப்பிச்ச ஏடுகளை ஊர் ஊராத் தேடி ஒப்பிட்டுத்தான், கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருந்தப்ப 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டுவந்தார். தொலைஞ்சது எவ்வளவோ, யாருக்குத் தெரியும்?

பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப்ல ஒரு இஞ்சினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா காலி! டம்ப் புரோகிராமோட வெர்ஷன் 9.2, டேட்டாபேஸ் 9.6. பேக்கப் தோத்துப்போச்சுன்னு சொன்ன மெயில்களும் போய்ச் சேரவே இல்லை. 6 மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக ஒருத்தர் எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாத்துச்சு.

நம்ம டெல்டாவுலயும் அப்படி ஒரு ஸ்னாப்ஷாட் உண்டு. திருவாரூர் மாவட்டம் திருவிடைவாய்க்கு சம்பந்தர் பாடின பதிகம் எந்த ஏட்டுலயும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அந்தக் கோயில் கல்வெட்டுலேர்ந்துதான் கிடைச்சது. ஓலை போனாலும் கல்லு காப்பாத்திடுச்சு.

இப்ப என் ஸ்கிரிப்ட்ல 'பைப்ஃபெயில்' போட்டாச்சு. ஃபைல் சைஸ் சரியா இருந்தாத்தான் பழசு அழியும். இன்னொரு காப்பி வேற மெஷினுக்குப் போகுது. மாசம் ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணியும் பார்க்கறேன். நீங்களும் இன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி உங்க பேக்கப்பை ஒரு தடவை திறந்து பாருங்க மக்களே. 20 பைட்டா இருந்தா சொல்லுங்க, சேர்ந்து அழலாம் :-)