சமிக்ஞைக்கும் காத்திருப்புக்கும் இடையே: யூனிக்ஸ் நிகழ்வுச் சுழலில் போட்டி நிலையின் வரலாறு

முன்னுரை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. சோளிங்கர் நிலையம் அத்தடத்திலேயே உள்ளது. இருப்புப்பாதைச் சமிக்ஞை மரபில் இரண்டு காப்புகள் உண்டு. தடமாற்றி பூட்டப்பட்டாலன்றிச் சமிக்ஞை அனுமதி காட்டாது என்பது ஒன்று. அண்டை நிலையத்தின் செய்தியை உடனே பதிவேட்டில் எழுதுவது மற்றொன்று. கணினியின் சமிக்ஞைச் சிக்கலுக்கும் இவ்விரு வழிகளிலேயே தீர்வு காணப்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சிக்கலின் தோற்றம்

இயங்கும் நிரலை இடைமறித்து இயங்குதளம் தரும் அறிவிப்பே சமிக்ஞை. அதனை ஏற்கும் நிரற்பகுதி கையாளி. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் (1979) சமிக்ஞை ஒருமுறை வந்ததும் கையாளியின் பதிவு நீங்கிவிடும். அதனை மீண்டும் பதியுமுன் அடுத்த சமிக்ஞை வந்தால் நிரலே முடிவுறக்கூடும். 4.2 பி.எஸ்.டி. (1983) இக்குறையை நீக்கியது. ஆயினும், பல உள்ளீடுகளுக்காக ஒருங்கே காத்திருக்க அப்பதிப்பு தந்த ‘செலக்ட்’ அழைப்பு புதிய இடைவெளியைத் திறந்தது. நிரல் கொடியைச் சோதித்த பின், உறங்கச் செல்லுமுன் சமிக்ஞை வரலாம். கையாளி கொடியை உயர்த்தும், நிரலோ அதனை அறியாமல் உறங்கிவிடும்.

இரு தீர்வுகள்

முதல் வழி இடைவெளியை மூடுவது. ‘பிசெலக்ட்’ அழைப்பு, சமிக்ஞைத் தடையை நீக்குவதையும் காத்திருப்பதையும் பிரிக்கவியலா ஒரே செயலாக்குகிறது. இரண்டாம் வழி சமிக்ஞையைப் பதிவாக்குவது. டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் பெயரால் அறியப்படும் உத்தியில், கையாளி ஒரு குழாயில் ஒரு பைட்டை எழுதுகிறது. குழாயும் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதால் உறக்கம் உடனே கலைகிறது. லினக்ஸின் ‘சிக்னல்எஃப்டி’ (2007) சமிக்ஞையையே படிக்கத்தக்க தரவாக்கியது. பைத்தானின் ‘அசிங்க்ஐஓ’வும் (2014) யூனிக்ஸ் தளங்களில் கையாளி எழுதும் பைட்டையே நம்புகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றை எழுதுவோர் ஒன்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். லினக்ஸ் கருவகம் ‘பிசெலக்ட்’டை 2.6.16 பதிப்பில் (2006) ஏற்கும்வரை, நூலகம் அப்பெயரில் வழங்கியது தனித்தனி அழைப்புகளின் தொகுப்பே. பழைய இடைவெளி அதனுள் அப்படியே இருந்தது. அழைப்பின் பெயரை நம்பிய நிரலாளர் காப்பின்றியே இருந்தனர். எனவே, ஒரு பெயர் வழக்கிற்கு வந்த ஆண்டை அதன் பண்பு நிறைவேறிய ஆண்டாகக் கொள்வது பிழை. பூட்டு என்ற சொல் தடமாற்றியைப் பூட்டிவிடாது.